டி.சி. கொடுக்கும் நகரம்

குழந்தைகளுக்கு நாடகம் போட வந்திருக்கும் உங்களிடம் மேடை, லைட், மைக் பற்றியெல்லாம் நான் பேசப் போவதில்லை. மைக் எப்படியும் பாதியில் படுத்துவிடும். அது உங்களுக்கே பழகிப் போகும். தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க இனி ஒத்துழைக்க மாட்டேன் என்று என் முழங்கால் சொல்லிவிட்டதால் குழுவை உங்கள் கையில் விட்டிருக்கிறேன். விட்டதோடு வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்தான். ஆனால் ஒரு இடத்தில் நீங்கள் கட்டாயம் திணறுவீர்கள். கதையில் யாராவது சாகிற இடம். அதைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் பத்தாவதோடு நிறுத்தியவன். பல்லாவரத்தில் லேத் பட்டறையில் வேலை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். கதை நன்றாக இருந்தால்தான் இரண்டும் சாப்பிட வாய் திறக்கும். சுமாராக இருந்தால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்ளும். அந்த இரண்டையும்விடக் கறாரான விமர்சகர்களை நான் பிறகு பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். கதை நாடகமாயிற்று. இவ்வளவுதான் என் படிப்பு.

முதல் நாடகத்தை மாடம்பாக்கத்தில், எங்கள் தெருவிலேயே போட்டோம். கதைப்படி ஒரு ராஜா சாக வேண்டும். சாவார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தெருமுனைச் சுவரொட்டிகளில் போடுகிற மாதிரி, 'மன்னர் இறைவனடி சேர்ந்தார்' என்று எழுதினேன். படிக்கக் கனமாக இருந்தது. ஆள் பற்றாக்குறை என்பதால் ராஜாவாக நடித்த பையனே மீசையை மாற்றி ஒட்டிக்கொண்டு அடுத்த காட்சியில் காவலாளியாக வந்தான். முன்வரிசை வாண்டுகள் எல்லாம் எழுந்து நின்று கைதட்டின. ராஜா சாமியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாராம். அதற்கப்புறம் அடுத்த ராஜா யார் என்று மேடையில் நடந்த சண்டை ஒருவருக்கும் புரியவில்லை. அதோ நிற்கிறாரே, அவரையே கேட்க வேண்டியதுதானே என்பது அவர்கள் கட்சி.

எங்களுக்கு உடை தைத்துக் கொடுத்த டீச்சரம்மா ஒருவர் இருந்தார். வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுக்காமலே சொன்னார்: "செத்துட்டார்னு எழுதுங்க. பசங்க தாங்கிப்பாங்க."

அன்றிலிருந்து என் நாடகங்களில் ராஜாக்கள் செத்தே போனார்கள். யாரும் அழவில்லை. ஒரு பையன் மட்டும் இன்னொரு ராஜாவையும் சாகடிக்கச் சொல்லிக் கேட்டான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு, குழு அஸ்தினாபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் அசோசியேஷன் ஹாலுக்கு மாறியிருந்த நேரம். பிள்ளைகளுக்கு ராஜா கதை சலித்துவிட்டது. வருங்காலத்தில் நடக்கிற கதை வேண்டும், அதுவும் கெட்ட வருங்காலமாக இருக்க வேண்டும் என்றார்கள். எழுதினேன். அந்த நகரத்தில் அறுபது வயதானவர்களை உயிரோடு வைத்திருக்க மாட்டார்கள். எனக்கே அறுபது நெருங்கிக்கொண்டிருந்ததால் ஈடுபாட்டோடுதான் எழுதினேன்.

இந்த வகைக் கதையில் புதிதாக எழுத வருகிறவர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. கெட்ட அரசாங்கத்துக்குக் கெட்ட பெயர்களாகத் தேடி வைப்பார்கள். மரண மாளிகை, ஒழிப்புத் துறை என்று. அப்படிப் பெயர்ப்பலகை மாட்டினால் அந்தக் கட்டடத்துக்குள் எவனாவது வரிசையில் நின்று போவானா? கொல்லுகிற அரசாங்கம் பெயரை எப்போதும் கல்யாணப் பத்திரிகை மாதிரிதான் வைக்கும். கட்டடத்துக்கு 'இளைப்பாறும் இல்லம்' என்று பெயர் இருக்கும். அந்த நாளுக்கு 'நிறைவு விழா' என்று பெயர் இருக்கும். விஷ ஊசிக்கு 'அமைதித் துளி' என்பார்கள். அதிகாரி சால்வையோடு வந்து, போர்த்தி, போட்டோ எடுத்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு முதுகு சில்லிட வேண்டியது அந்தச் சால்வையைப் பார்த்துத்தான். கத்தியைக் காட்டினால் கதை சின்னதாகிவிடும்.

அப்படி ஆளை முடிப்பதற்கு எங்கள் நாடகத்திலும் இனிப்பாக ஒரு பெயர் தேவைப்பட்டது. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துக் கேட்டேன். 'ஸ்விட்ச் ஆஃப்' என்றது ஒன்று. 'ரீசார்ஜ் முடிஞ்சிடுச்சு' என்றது இன்னொன்று. பிரவீன் என்று ஒருவன், ஆட்டோ ஓட்டுகிறவர் மகன், எதற்கும் கையைத் தூக்காமலே பேசுவான்.

"எங்க வூட்ல பூட்டாருன்னு சொல்வாங்க சார். எங்க பூட்டாரு, இன்னாத்துக்குப் பூட்டாருன்னு யாரும் கேக்க மாட்டாங்கோ. எல்லாத்துக்கும் தெரியும்."

பூட்டாரு என்றால் போய்விட்டார். அவன் போகிற போக்கில் சொன்னது எனக்குப் பெரிய வெளிச்சம். நம் ஊரில் சாவுக்கு எத்தனையோ மெத்தென்ற வார்த்தைகள் இருக்கின்றன. தவறிட்டார், காலமாயிட்டார், சாமிகிட்ட போயிட்டார். சர்ச்சுக்குப் போகிறவர்கள் நித்திரை அடைந்தார் என்பார்கள். இதில் எதுவும் பொய் இல்லை. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். வெறும் கையால் தொட முடியாததைத் துணி சுற்றி எடுத்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். கெட்ட நகரத்து வார்த்தை வேறு ஜாதி. கேட்கிறவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே செய்த வார்த்தை அது.

கடைசியில் பெயர் வைத்தது தாரிணி. ஐந்தாம் வகுப்புப் பெண். யோசித்துவிட்டு, "டி.சி. குடுத்தாச்சுன்னு வைக்கலாம் சார்" என்றாள். பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு போனவர்கள் இன்னும் நல்ல பள்ளிக்குப் போயிருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்களாம். ஆனால் ஒருவர்கூடத் திரும்பி வந்து சொன்னதில்லையாம். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. அவளையே டி.சி. கொடுக்கும் அதிகாரியாகப் போட்டேன். அம்மாவின் துப்பட்டாவைச் சால்வையாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பல் தெரியாமல் ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை எங்கே பிடித்தாள் என்று தெரியாது. அலுவலகங்களில் நானும் வாங்கியிருக்கிறேன்.

தாரிணி வீட்டில் ஒரு நாய். அதன் பெயர் மேனேஜர். வீட்டில் எல்லோரும் வேலை செய்துகொண்டிருக்கும்போது அது மட்டும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்குமாம். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் அப்பா வைத்த பெயர். ஒத்திகைக்கு அவளோடு வந்தால் என் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கும். ஒத்திகை முடிந்தாலும் எழுந்திருக்காது. நான்தான் வெறுங்காலோடு நின்றுகொண்டிருப்பேன். கொஞ்ச நாளாக அது வரவில்லை. வயிற்றில் கட்டி, சாப்பிடுவதில்லை என்று தாரிணி சொல்லியிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் அப்பா போன் செய்தார்.

"சார், ஒரு சின்ன ஹெல்ப். மேனேஜரை நாளைக்கு தூங்க வைக்கிறோம்."

ஊசி போட்டுச் சாக விடப் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. வருத்தமாக இருக்கிறது என்றேன். டாக்டர் சாயங்காலம் வீட்டுக்கே வருகிறார், தாரிணி ஒத்திகையில் இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிடும், அவளைக் கொஞ்சம் தாமதமாக அனுப்பினால் போதும் என்றார். வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"மாடம்பாக்கம் தாண்டி ஃப்ரெண்டோட ஃபார்ம் ஒண்ணு இருக்கு. அங்க விட்டிருக்கோம்னு சொல்லிடலாம். நீங்களும் ஒரு வார்த்தை சொன்னா நம்பிடுவா சார். கதை சொல்றவர் இல்லையா நீங்க."

அவரைத் தப்பான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். நாய் வலியில் துடித்தது. குணமாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் நாடகத்தில் வாழ ஆசைப்படுகிறவர்களைக் கொல்கிறார்கள். இங்கே நாய் படுகிற பாட்டை நிறுத்தப் பார்க்கிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். செய்யப் போகிற காரியத்தில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பண்ணைதான் உறுத்தியது.

வழக்கமான நேரம் வரை அவளை வைத்திருப்பேன், பண்ணை என்று மட்டும் என் வாயால் சொல்ல முடியாது என்றேன். அவர் கொஞ்சம் சுருதி இறங்கி, சரி சார், நாங்களே சொல்லிக்கிறோம் என்று வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சபலம் வரும். பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த ராத்திரி மனைவியிடம் கேட்டேன். "அது அவங்க வீட்டு நாய், அவங்க வீட்டுப் பிள்ளை" என்றாள். ஆனால் அந்த நாய் சாகும்போது பக்கத்தில் இருக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு தரம்தான் வாய்ப்பு. அது போனால் போனதுதான். மறு ஒத்திகை கிடையாது.

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு என்று உங்களுக்குத் தெரியும். நடிக்கிற ஆள் வரவில்லை என்று ஒத்திகையை நிறுத்த மாட்டோம். வாசலில் எந்த அப்பா, அம்மா நிற்கிறார்களோ அவர்கள் பேப்பரை வாங்கி அந்த வசனத்தைப் படித்தாக வேண்டும். ஒருமுறை கூரியர் கொடுக்க வந்தவர் புலியாக நடித்துவிட்டுப் போனார். எங்கள் புலியைவிட நன்றாகவே உறுமினார்.

சனிக்கிழமை தாரிணியை அவள் அப்பா பைக்கில் கொண்டுவந்து இறக்கினார். பேரனாக நடிக்கிற பையன் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தான். பைக்கைத் திருப்புவதற்குள் பிரவீன் ஓடிப்போய்ச் சாவியைப் பிடித்துக்கொண்டான்.

"அங்கிள், மாட்டிக்கினீங்களா. நீங்கதான் பேரன்."

அவர் வேலை இருக்கிறது என்றார். "ரெண்டே நிமிஷம் அங்கிள், பேஜார் பண்ணாதீங்க" என்று அவன் இழுக்க, மற்ற பிள்ளைகளெல்லாம் சேர்ந்துகொண்டு தள்ள, தாரிணிக்கு ஒரே பெருமை. அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு எடுத்திருந்த காட்சி எது என்று எனக்குத் தெரியும். சாருக்கு வேலை இருக்கிறது, விடுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள். சொல்லவா வேண்டாமா என்று தயங்கினேன். அவருக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு காட்சியைப் படிக்க விடாமல் அவரைக் காப்பாற்றுவதும் என் வேலை இல்லை என்று பட்டது. சும்மா இருந்தேன். அவர் பேப்பரை வாங்கிக்கொண்டார்.

காட்சி இதுதான். தாத்தாவைக் காணாமல் பேரன் அலுவலகத்துக்கு வந்து விசாரிக்கிறான். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கவிழ்த்து மேஜையாக்கி, அதற்குப் பின்னால் தாரிணி சால்வையோடு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க தாத்தா எங்கே?" என்று அவர் படித்தார்.

"வாழ்த்துகள் தம்பி. உங்க தாத்தாவுக்கு டி.சி. குடுத்தாச்சு."

மகள் தன்னைத் தம்பி என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சமாளித்துக்கொண்டு அடுத்ததைப் படித்தார்.

"எந்த ஊருக்குப் போயிருக்கார்?"

"நல்ல ஊர் தம்பி. நிறைய மரம் இருக்கு. ஓடியாட இடம் இருக்கு. நம்மளை விட அங்க நல்லா பாத்துப்பாங்க."

"நான் போய்ப் பார்க்கலாமா?" குரல் இறங்கியிருந்தது.

"இப்ப வேணாம். அவர் பழகற வரைக்கும் யாரும் போகக் கூடாது."

அவர் பேப்பரையே பார்த்துக்கொண்டு நின்றார். வசனம் மறந்துவிட்டதாக நினைத்து பிரவீன் அடிக்குரலில் எடுத்துக் கொடுத்தான். அவர் மெதுவாகப் படித்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

தாரிணி அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும் இல்ல தம்பி. அதனாலதான் நீங்க ஸ்கூலுக்குப் போற நேரமா பாத்து முடிச்சிட்டோம்."

அந்தக் கடைசி வசனம் நான் எழுதியது இல்லை. முந்தைய வாரம் அவளாகவே சேர்த்துக்கொண்டது.

கைதட்டினார்கள். அவர் பேப்பரைப் பிரவீனிடம் கொடுத்துவிட்டு வெளியே போய், செருப்புகள் கிடந்த படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"பிளான் பண்ணிச் செஞ்சீங்களா சார்?"

"காதுகுத்து வச்சவங்களைத்தான் கேக்கணும் சார்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு குழந்தை எதிரில் ஊசி போடுவதை எப்படி அனுமதிக்க முடியும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள் இல்லையா என்றேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் இருக்கறதா இல்ல சார். ஆபீஸ் கால் ஒண்ணு வச்சிருக்கேன். நாவலூர் கிளம்பிடலாம்னு. என் மச்சான்தான் கூட இருக்கறதா ஏற்பாடு."

தாரிணிக்காகக் கட்டிய பண்ணையில் முதலில் குடியேறியது யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆபீஸில் உட்கார்ந்து பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் நாய் இருக்காது, மரமும் காற்றும் உள்ள ஏதோ ஒரு இடத்தில் இருக்கும் என்று அவரும் பாதி நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். கெட்ட நகரத்துக் கதைகளைத் திரும்பிப் பாருங்கள். இனிப்பான வார்த்தை ஒருபோதும் சாகப் போகிறவருக்காகச் செய்ததாக இருக்காது. அனுப்பிவைத்துவிட்டு ராத்திரி தூங்க வேண்டியவர்களுக்காகச் செய்தது அது. அந்த ஊர்களில் பொல்லாதவர்கள் அதைச் செய்கிறார்கள். நம் ஊரில் பாசக்காரர்கள் செய்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட மேனேஜர், கடைசி நேரத்தில் மச்சானின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியிருந்திருக்கும்.

இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொல்லாமல் நிற்பதும் நம் தொழிலில் ஒரு பகுதி. அவர் போனை எடுத்தார். ஆபீஸில் யாரிடமோ கூட்டத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளச் சொன்னார். அந்தப் பக்கம் காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது. வீட்டில் கொஞ்சம் என்று இழுத்தார். நிறுத்தினார்.

"என் நாய் சாகப் போகுது. நான் வீட்ல இருக்கணும்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தாரிணியிடம் நான் சொல்ல முடியுமா என்று கேட்டார். நான் கூப்பிடுகிறேன், நீங்கள் சொல்லுங்கள் என்றேன்.

அவள் சால்வையோடு வந்தாள். அவர் படியில் உட்கார்ந்தபடியே சொன்னார். அழகாகச் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். இரண்டு தரம் தடுமாறினார், ஒரு தரம் முதலிலிருந்து ஆரம்பித்தார். ஆனால் செத்துப்போகும் என்கிற வார்த்தையைத் தாண்டிக் குதிக்கவில்லை. அவள் அழுதாள். அழுதுகொண்டே கேள்வி கேட்டாள். நிஜமாகவே குணமாகாதா? ஊசி வலிக்குமா? முதலில் மயங்குவதற்குப் போடுவார்களாம், அப்புறம் தெரியாதாம், நீயே டாக்டரைக் கேள் என்றார். வரப் பயமாக இருந்தால் அம்மாவோடு பக்கத்து வீட்டில் இருக்கலாம், அதில் தப்பே இல்லை என்றும் சொன்னார். அது நல்ல வார்த்தை. எனக்குத் தோன்றியிருக்காது.

"நான் வரேன்பா. நான் இல்லைன்னா அவன் வாசலையே பாத்துட்டு இருப்பான்."

துப்பட்டாவை உருவிப் பிரவீன் கையில் கொடுத்து, அன்றைக்கு மட்டும் அவனை அதிகாரியாக இருக்கச் சொன்னாள். "ஓவரா சிரிக்காத" என்று ஒரு எச்சரிக்கையும் செய்துவிட்டு பைக்கில் ஏறிக்கொண்டாள். அவர் கிக்கரை நாலு தரம் உதைத்த பிறகுதான் வண்டி கிளம்பியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தாள். கண் வீங்கியிருந்தது. யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று பிரவீன் எல்லோரையும் முன்பே மிரட்டி வைத்திருந்தான். ஆனால் குழுவிலேயே சின்னவள் ஒருத்தி, அன்றைக்குத்தான் காய்ச்சல் விட்டு வந்தவள், என் செருப்பு காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு மேனேஜர் எங்கே என்று கேட்டுவிட்டாள். இத்தனை வருஷம் நாடகம் எழுதியவன் நான். அந்த நொடியில் ஏதாவது மெத்தென்ற வார்த்தை கிடைக்காதா என்று நானேதான் தேடிக்கொண்டிருந்தேன்.

"செத்துட்டான்" என்றாள் தாரிணி. "நேத்து. என் மடியில தலை வச்சிருந்தான். ஊசி போட்டப்போ கத்தவே இல்ல."

சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தாரிணி மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுப் போகாமல் நின்றிருந்த ஆளைக் காட்டிச் சொன்னாள்.

"அப்பாதான் ரொம்ப அழுதாரு. இன்னைக்கு அவரை யாரும் நடிக்கக் கூப்பிடாதீங்க."